வீட்டுக் காத்து

இல்ல சார், நீங்க அதைத் தலைகீழாப் படிக்கிறீங்க. பேப்பர் நேராத்தான் இருக்கு, நான் அதச் சொல்லல, விஷயத்தச் சொல்றேன். விமானித் தேர்வுல ஏழாம் நம்பருக்கு மட்டும் வானிலை வேற மாதிரி இருக்கு, மத்த பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு, அதனால ஏழாம் நம்பருக்கு யாரோ சலுகை காட்டியிருக்காங்க. அதானே? தலைமை ஆபீஸ்லேர்ந்து இத்தனை தூரம் வந்து, காலையிலேர்ந்து மூணு டீ குடிச்சு, கடைசியில இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

நான் எங்கயும் ஓடிப் போகல, உக்காருங்க. எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை காதுல வாங்கிக்குங்க, அப்புறம் எழுதுங்க. நீங்க தப்பா எழுதிட்டா அந்த ஏழாம் நம்பர் பொண்ணுக்கு வேலை போயிடும். இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கா சார். எங்கயோ ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தவ. யூனிஃபார்முக்கு அளவு கூடக் கொடுத்துட்டாளாம், நம்ம தையல்காரர் சொன்னாரு. தைக்கவா வேணாமான்னு அவரு என்னை வந்து கேக்குறாரு. நான் என்ன சொல்ல, விசாரணை நடக்குது, நூலக் கோத்து வையுங்கன்னு சொல்லியிருக்கேன்.

அதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆறு கால்ல நிக்குதே வெள்ளையா, அதான் சிமுலேட்டர். நாங்க பொட்டின்னுதான் சொல்லுவோம். உள்ள போனா நிஜ விமானத்தோட முன்பக்கம் அச்சு அசலா இருக்கும். ரெண்டு சீட்டு, எதிர்ல கண்ணாடி, கண்ணாடியில ஓடுபாதை தெரியும். ஆட்டினா ஆடும், சாய்ச்சா சாயும். பின்னாடி ஒரு சீட்டு, அதுக்குப் பக்கத்துல ஒரு திரை. அந்தப் பின் சீட்டு என்னோடது. பத்தொன்பது வருஷமா அதுலதான் உக்காந்திருக்கேன். மழை வேணுமா, மூடுபனி வேணுமா, எஞ்சின் ஒண்ணு நிக்கணுமா, நான் விரல வச்சா நடக்கும். விமானி வேலைக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் இந்தப் பொட்டியில ஏறி, நான் வைக்கிற வானிலையில இறக்கிக் காட்டணும். அவங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்காது, முதுகு இருக்கும். பயந்தவன் முதுகு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். சட்டை ஒட்டிக்கும்.

புகார் கொடுத்தது யாருன்னு நீங்க சொல்லக் கூடாது, விதி. சரி, நானே சொல்லிடுறேன். தரம். இல்ல இல்ல, அது அவரு பேரு இல்ல. தேர்வுக் குழுத் தலைவர், பெரிய கேப்டன். மூணு வார்த்தைக்கு ஒரு தடவை தரம்னு சொல்லலேன்னா அவருக்கு மூச்சு முட்டும். தரம் காக்கணும், தரம் குறையக் கூடாது, நம்ம காலத்துத் தரம் என்ன, இப்ப வர்றவங்க தரம் என்ன. கேன்டீன்ல டீ ஆறிப் போயிருந்தாக்கூட தரம் போச்சும்பாரு. அதான் நாங்க அந்தப் பேரையே வச்சுட்டோம். தரம் வர்றாரு, காலை எடுடான்னு ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்குவோம்.

அந்தத் தரம் எங்க இருக்குன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா? புத்தகத்துல இருக்கும்னு நினைச்சிருப்பீங்க. இல்லேன்னா பெரிய மனுசங்க மனசாட்சியில. எனக்குத் தெரியும் சார், பத்தொன்பது வருஷம் அது என் கையிலதான் இருந்துச்சு. பழைய பொட்டியில ஒரு கருப்புத் திருகு. மருந்து பாட்டில் மூடி அளவு இருக்கும். இந்தப் பக்கம் திருப்பினா தரம் ஏறும், அந்தப் பக்கம் திருப்பினா இறங்கும். இப்ப உள்ள புதுப் பொட்டியில திருகு இல்ல, திரையில விரல வச்சாப் போதும்.

காத்து சார், காத்து. விளங்கலையா? பேப்பர எடுங்க. ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க, திசை, வேகம். நீங்க வேகத்த மட்டும் பாத்துட்டு, இருபது, இருபத்தெட்டு, பெரிய வித்தியாசம் இல்லையேன்னு நினைக்கிறீங்க. திசையப் பாருங்க. ஓடுபாதை கிழக்கப் பாத்து இருக்கு. பத்துப் பேருக்கும் காத்து கிழக்கேர்ந்து வருது. அதாவது நேரா மூக்குக்கு முன்னாடி. அப்படி வந்தா விமானத்துக்கு அது உதவி. வேகத்தக் குறைச்சு, தூக்கிப் புடிச்சு, அதுவே இறக்கி விட்டுடும். ஏழாம் நம்பருக்குக் காத்து தெக்கேர்ந்து. பக்கவாட்டுல. நீங்க குடையப் புடிச்சுக்கிட்டு பாலத்து மேல நடந்திருக்கீங்கல்ல? எதிர்காத்துக்கு குடையச் சாய்ச்சுக்கிட்டு நடந்துடலாம். பக்கத்துலேர்ந்து அடிச்சா என்ன ஆகும்? குடையும் போகும், நீங்களும் போவீங்க. இப்ப சொல்லுங்க, சலுகை யாருக்கு?

அதான். இப்பத்தான் உங்க பேனா நின்னிருக்கு.

எங்களுக்குள்ள அதுக்குப் பேரு இருக்கு. முன்னாடியிலேர்ந்து வர்றது வீட்டுக் காத்து. பக்கத்துலேர்ந்து வர்றது வெளிக் காத்து. நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு வீட்டுக் காத்து, வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கு வெளிக் காத்து. யாரு வச்ச பேருன்னு தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே இருந்துச்சு. காலையில பட்டியல் வரும். சில பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பேனாவுல வைக்க மாட்டாங்க, மானஸ்தங்க. கேப்டன் மகன், கேப்டன் மச்சினன், கேப்டனோட சேர்ந்து டென்னிஸ் ஆடுறவரு மகன். புள்ளி இருந்தா வீட்டுக் காத்து. இல்லேன்னா இல்ல. சாயங்காலம் பட்டியலத் திருப்பிக் கொடுக்கும்போது ரப்பர் வச்சு அழிச்சுக் கொடுக்கணும். அந்த ரப்பர் கூட எனக்கு ஆபீஸ் செலவுலதான் வரும்.

எல்லாரையும் அப்படித்தான் எடுத்தாங்களான்னு கேக்குறீங்க. அப்படிச் சொன்னா பொய். புள்ளி இல்லாமலே வெளிக் காத்துல இறக்கிட்டுப் போனவங்களும் இருக்காங்க. அவங்கதான் உண்மையில விமானம் ஓட்டுறாங்க. புள்ளி இருந்தவங்கள்லயும் நல்லா ஓட்டுறவங்க இருக்காங்க, இல்லேங்கல. ஆனா ஒருத்தன் வந்தான் சார், பொட்டி ஒரு தடவை சாஞ்சதும் வாந்தி எடுத்துட்டான். நான்தான் துணி வச்சுத் துடைச்சேன். தரம் அவன் முதுகத் தட்டிக் கொடுத்து, நெர்வஸ் ஆகாதப்பா, ஒரு சின்ன பிரேக் எடுத்துக்கன்னாரு. இப்ப அவன் கேப்டன், தோள்ல நாலு கோடு. அவன் ஓட்டுறதா இருந்தா நான் பஸ்ல போறேன். நீங்க நேத்து எந்த விமானத்துல வந்தீங்க? சரி விடுங்க. வந்து சேர்ந்துட்டீங்கல்ல.

அப்புறம்தான் போன வருஷம் உங்க ஆபீஸ்லேர்ந்து சுற்றறிக்கை வந்துச்சு. இனிமே தேர்வுக்கு வர்றவங்க பேரு, அப்பா பேரு, எங்க படிச்சாங்க, எதுவும் குழுவுக்குத் தெரியக் கூடாது, வெறும் நம்பர்தான்னு. தரம் அந்தக் காகிதத்த, செத்த எலிய வால்ல புடிச்சுத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல தூக்கிக் காட்டினாரு. போச்சு, தரம் போச்சு, இனிமே லாரி ஓட்டுறவன் எல்லாம் வந்து உக்காருவான்னாரு. லாரி ஓட்டுறவன் யாரா இருந்தாலும் அவரு தங்கச்சி மகன விட நல்லா இறக்கியிருப்பான், அது வேற விஷயம். கேன்டீன்ல ஒரு வாரம் இதே பேச்சுதான். பொம்பளைங்களுக்காகத் தளர்த்துறாங்க, ஏழைங்களுக்காகத் தளர்த்துறாங்க, வானத்துக்குத் தெரியுமா ஏழை பணக்காரன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வானத்துக்குத் தெரியாது சார். திருகுக்குத் தெரியும்.

அந்தத் தேர்வு அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், எழுதிக்குங்க. பதினோரு பேரு. நாலு இடம். தரத்தோட தங்கச்சி மகனும் அதுல ஒருத்தன். ஆனா பட்டியல்ல பேரு இல்ல, புள்ளி வைக்க வழி இல்ல. அவன் எத்தனையாவது நம்பருன்னு காலையில கவரைப் பிரிச்சாத்தான் அவனுக்கே தெரியும், அதுக்கு முன்னாடியே எல்லார் போனையும் வாங்கி வச்சுட்டாங்க. பொட்டிக்குள்ள முதுகப் பாத்துக் கண்டுபுடிக்கலாம்னா, எல்லாரும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே ஹெட்ஃபோன். தரத்துக்குத் தங்கச்சி மகன் முதுகு அடையாளம் தெரியாது. எப்படித் தெரியும், அவரு எப்பவும் முன்னாடியிலேர்ந்தே தட்டிக் கொடுத்தவரு.

அப்பத்தான் அந்த மகா மூளை வேலை செஞ்சுச்சு. காலையில என்கிட்ட வந்து, தோள்ல கையப் போட்டு சொன்னாரு. நம்ம ஆளு யாருன்னு தெரியலேன்னா என்ன, நம்ம ஆளு யாரு இல்லேன்னு தெரியும்ல. பதினோரு பேர்ல ஒரே ஒரு பொண்ணு. தலைமுடியப் பாத்தாத் தெரியும். அதுக்கு வெளிக் காத்து வை. மத்த எல்லாருக்கும் வீட்டுக் காத்து வை. அவ்வளவுதான் சார். தரம் காத்த லட்சணம் இதுதான். தன் வீட்டுப் பையன் ஒருத்தன் தப்பிக்க, பேரு தெரியாத ஒன்பது பேருக்குத் தானம் பண்ணியிருக்காரு. உங்க சுற்றறிக்கையால ஊருக்கே வீட்டுக் காத்து கிடைச்சுது, அந்தப் பொண்ணு ஒருத்தியத் தவிர.

வச்சேன். ஆமா, நான்தான் வச்சேன். வேற யாரு வைப்பா? நீங்க கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க.

அந்தப் பையனா? வீட்டுக் காத்துலயும் அவன் ஓடுபாதையில பாதியத் தாண்டித்தான் சக்கரத்த வச்சான். ஆறாவதா வந்தான். மாமா ஊருக்கெல்லாம் பந்தி போட்டும் மருமகனுக்கு இலை கிடைக்கல. அந்தப் பொண்ணு முதல்ல வந்தா.

அவ எப்படி இறக்கினான்னு சொல்றேன். முதல் தடவை இறங்கி வந்தா, காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு, விமானம் பாதைய விட்டு விலகுச்சு. தரைக்கு இருநூறு அடி இருக்கும்போது, திரும்பப் போறேன்னு சொன்னா. கத்தல, பதறல. அடுத்த வீட்டுல சாவி வாங்கப் போற மாதிரி சொன்னா. எஞ்சினை முழுசாக் கொடுத்து மேல தூக்கிட்டா. தரம் என் காதுல, பாத்தியா, பொண்ணு பயந்துருச்சுன்னாரு. பயமா அது? இறங்க முடியாதுன்னு தெரிஞ்சதும் இறங்காம இருக்குறதுக்குத்தான் சார் விமானிக்குச் சம்பளமே. ரெண்டாவது சுத்துல வந்தா. காத்து வர்ற பக்கத்துச் சக்கரத்த முதல்ல வச்சா, ஒரு நொடி விட்டு அடுத்தத வச்சா. அப்படித்தான் வைக்கணும். புத்தகத்துல படமாத்தான் பாத்திருப்பாங்க நம்ம ஆளுங்க. தரம் அவளுக்குப் பத்துக்கு மூணு போட்டாரு. ஆனா உங்க புது விதிப்படி வெளி கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்திருந்தாரே, பக்கத்து ரூம்ல திரையில நம்பர மட்டும் பாத்து மார்க் போட்டவரு, அவரு ஒன்பதரை போட்டாரு. பொட்டியும் தானா ஒரு மார்க் போடும், அதுவும் அவளுக்குத்தான் அதிகம். முடிஞ்சுது கதை. தரத்துக்கு மூக்கு உடைஞ்சுது. உடனே புகார். பொம்பளைக்குச் சலுகை, நியாயம் செத்துப் போச்சு, விசாரிங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டாரு.

அதத்தான் நானும் நினைச்சேன். தான் பண்ணின திருட்டுக்குத் தானே போலீஸக் கூப்பிடுவாங்களா? கூப்பிட்டாரே. ஏன் தெரியுமா? பழைய பொட்டியில நான் ஒரு பட்டனை அமுக்கினா வச்ச வானிலை எல்லாம் அழிஞ்சு போயிடும். பென்சில் புள்ளி மாதிரி. இப்பவும் அப்படித்தான்னு அவரு நினைச்சுக்கிட்டு இருக்காரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் புதுப் பொட்டி வந்துச்சு. வித்த கம்பெனிக்காரங்க மூணு நாள் பயிற்சி வச்சாங்க. தரம் முதல் நாள் வந்து, ரிப்பன் வெட்டி, போட்டோவுக்கு நின்னுட்டு, சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பிட்டாரு. விமானிக்கு எதுக்கு மெஷின் பாடம்னு. மூணாவது நாள் சாயங்காலம்தான் சொல்லிக் கொடுத்தாங்க, இது எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வச்சுக்கும், அழிக்கவே முடியாதுன்னு. அன்னிக்கு அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். நோட்டுல எழுதிக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. யாரும் கேக்கல. இப்ப உங்க கையில இருக்குற பேப்பர் அது எழுதி வச்சதுதான்.

இல்ல சார், ஒண்ணும் திட்டம் போட்டு மாட்டி விடல. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா இந்நேரம் இந்தப் பின் சீட்டுல உக்காந்திருப்பேனா?

சொல்லுங்க, சொல்லுங்க, அதையும் சொல்லிடுங்க. இத வாக்குமூலமா எழுதிட்டா என் வேலையும் போகும். தெரியும். சொன்னதத்தான் செஞ்சேன், நான் வெறும் ஆபரேட்டர்னு சொல்லித் தப்பிக்கலாம்னு நீங்க நல்லெண்ணத்துல எடுத்துக் கொடுக்குறீங்க. வேணாம். அந்த வசனத்த எனக்கு நானே பத்தொன்பது வருஷம் சொல்லிட்டேன், கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. தரத்துக்காவது தங்கச்சி மகன் இருந்தான், ஒரு சுயநலம் இருந்துச்சு. எனக்கு என்ன இருந்துச்சு? ஒரு மயிரும் இல்ல. மன்னிச்சுக்குங்க, அந்த வார்த்தைய எழுதாதீங்க. ஒரு பிரயோஜனமும் இல்லாம, திருப்புன்னா திருப்பினேன். அதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. தரத்த விடக் கேவலமான பேரா இருந்தாலும் பரவாயில்ல.

எத்தனை பேருக்கா? கணக்கு வச்சுக்கல. ஆனா ஒருத்தங்கள நல்லா ஞாபகம் இருக்கு. பதினேழு வருஷம் ஆச்சு.

அன்னிக்கும் பட்டியல்ல ஒரே ஒரு பொண்ணு. அப்பா தபால் ஆபீஸ்ல இருந்தவரு. புள்ளி இல்ல. தரம் அப்பத்தான் குழுவுல புதுசு, வேகம் ஜாஸ்தி. காத்த இன்னும் ஏத்துன்னு விரல ரெண்டு தடவை மேல ஆட்டினாரு. அந்த விமானத்தோட புத்தகத்துலயே, பக்கக் காத்து முப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா இறக்காதேன்னு போட்டிருக்கு. நான் வச்சது நாப்பது. யாராலயும் முடியாது சார். தரம் வந்து இறக்கினாலும் புல்லுலதான் போய் நிக்கும். அவங்க மூணு தடவை வந்தாங்க. ரெண்டு தடவை திரும்ப மேல போனாங்க. மூணாவது தடவை, எரிபொருள் தீர்ந்துடுச்சு, இறக்குன்னு தரம் பின்னாடியிலேர்ந்து அதட்டினாரு. இறக்கினாங்க. பாதைக்கு வெளிய போச்சு, கண்ணாடி முழுக்கச் சிவப்பாயிடுச்சு, பொட்டி அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. அந்தச் சிவப்பு வெளிச்சத்துல அவங்க கை ரெண்டும் இன்னும் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தரம் மார்க் தாள்ல எழுதினாரு, காத்து வந்தால் கை நடுங்குகிறதுன்னு. அந்தத் தாளை அவங்க கையிலயே கொடுத்தாரு. அதுதான் அப்ப நடைமுறை, வெளிப்படையா இருக்கணுமாம்.

வெளிய அந்தத் தாழ்வாரத்துல பெஞ்சு இருக்குல்ல, அதுல உக்காந்திருந்தாங்க. நான் தண்ணி குடிக்கப் போனேன். என்னை நிமிர்ந்து பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அந்தக் காத்து எல்லாருக்கும் அதேதானான்னு கேட்டாங்க.

எல்லாருக்கும் அதேதான்னு சொன்னேன்.

ஒரு நொடி யோசிச்சிருந்தா வேற சொல்லியிருப்பேனோ என்னவோ. யோசிக்கல. தலைய ஆட்டிக்கிட்டாங்க. அப்ப என் கைதான் சரியில்லன்னு சொல்லிக்கிட்டாங்க. என்னைப் பாத்துச் சொல்லல, அவங்க கையப் பாத்துச் சொன்னாங்க.

இந்தப் பொண்ணு அப்படி ஒண்ணும் கேக்கல. இறங்கி வந்து, தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு, பையத் தூக்கிட்டுப் போயிட்டா. கேட்டிருந்தா அன்னிக்கும் அதேதான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். எனக்கு என் மேல அவ்வளவுதான் மரியாதை.

அவங்களா? அதுக்கப்புறம் வேற எங்கயும் தேர்வுக்குப் போகல. போக மாட்டேன்னுட்டாங்க. நாலு கம்பெனி அழைப்பு அனுப்புச்சு, கிழிச்சுப் போட்டாங்க. உயிரோட விளையாடக் கூடாது, நம்பி ஏறுறவங்களுக்குத் துரோகம் பண்ணக் கூடாதுன்னாங்க. பாருங்க, அவங்களுக்குத்தான் சார் உண்மையிலேயே தரம் இருந்துச்சு. இப்ப கணக்கு டியூஷன் எடுக்குறாங்க. நல்லா எடுக்குறாங்க, புள்ளைங்க சண்டை போட்டுக்கிட்டு வருது.

எப்படித் தெரியும்னா, தெரியும். அன்னிக்கு அந்த பெஞ்சுல ஃபைலை மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. பறந்த மணி நேரம் எழுதுற நோட்டு, சான்றிதழ், எல்லாம் அதுலதான். மறுநாள் நான் அதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனேன். சொல்லிடணும்னுதான் போனேன் சார். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். அவங்க அம்மா வாசல்லயே நின்னு, இவ்வளவு தூரம் கொண்டாந்து கொடுக்குறீங்களே, உங்கள மாதிரி நல்லவங்க இருக்கிறதாலதான்னு ஆரம்பிச்சாங்க. ஃபைலைக் கொடுத்துட்டு, அவங்க கொடுத்த காபியக் குடிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் இன்னொரு நாள் சொல்லலாம்னு போனேன். அப்புறம் இன்னொரு நாள். போகப் போக, சொல்றதுக்குப் போறேனா பாக்குறதுக்குப் போறேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு. அடுத்த வருஷம் கல்யாணம்.

ஆமா சார். எங்களுக்குத்தான்.

வீட்டுக்கு யாரு வந்தாலும் அவ சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, காத்து என்னைத் தள்ளி விட்டுச்சு, நான் வந்து இவரு மேல விழுந்தேன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். நல்லாவே சிரிப்பேன். அவகிட்ட நான் முதல் முதலாப் பேசின வார்த்தையே அதுதான், எல்லாருக்கும் அதேதான். அதுக்கப்புறம் ஆயிரம் உண்மை சொல்லியிருக்கேன், எண்ணிக்கையில குறை இல்ல.

இவ்வளவு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குன்னு கேக்குறீங்க. நியாயம்தான். அந்த ஏழாம் நம்பர் பொண்ணுக்காகன்னு சொன்னா நீங்க எனக்கு ஒரு மாலை போடுவீங்க. அப்படி இல்ல. எங்க பொண்ணு பத்தாவது படிக்கிறா. போன வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, நான் விமானம் ஓட்டப் படிக்கப் போறேன்னா. அவ அம்மா தட்டுலேர்ந்து கையக் கூட எடுக்கல. வேணாம்டி, நமக்கு அந்தக் கை இல்ல, காத்து வந்தா நடுங்கும், அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் இருக்கும்னா. பொண்ணு சாப்பிடுறத நிறுத்திட்டு, ரெண்டு கையையும் விரிச்சு வச்சுப் பாத்துச்சு சார். நான் எதிர்ல உக்காந்திருக்கேன்.

அன்னிக்கே சொல்லியிருக்கலாம். வாயத் தொறந்தேன், தண்ணி எடுன்னு கேட்டேன். என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது. தரத்தப் பத்தி இவ்வளவு பேசுற வாய், உங்ககிட்ட இத்தனை நேரம் கிழிச்சுத் தோரணம் கட்டுற வாய், சொந்த வீட்டுல பூட்டிக்கிச்சு.

எழுதிட்டீங்களா? அந்தப் பதினேழு வருஷத்துக் கதையையும் எழுதுங்க. ஏழாம் நம்பர் விசாரணைக்கு அது தேவையில்லன்னு நீங்க நினைக்கலாம், ஆனா எழுதுங்க. தேதி எனக்குத் தெரியும், சொல்றேன். காத்து நாப்பதுன்னு நம்பர்ல போடுங்க, புத்தகத்துல உள்ள அளவு முப்பத்தஞ்சுன்னும் பக்கத்துலயே போடுங்க. அவ கணக்கு டீச்சர், ரெண்டையும் பாத்தாப் போதும், புரிஞ்சுக்குவா. வச்சது யாருங்கிற இடத்துல என் பேரத் தெளிவா எழுதுங்க.

ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடணுமா? சரி. ஒரு காப்பி தர்றது வழக்கம்தானே? எனக்கு வேணாம், அவ பேருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பிடுங்க. விலாசம் சொல்றேன், எழுதிக்குங்க. தபால்காரர் பகல் பதினோரு மணிக்கு மேல கொண்டு போய்க் கொடுத்தா நல்லது, அப்ப வீட்டுல அவ மட்டும்தான் இருப்பா.